பைகள் தட்டையாக இருக்க வேண்டும்

வரி போட்ட சட்டைக்கு நான் கஞ்சி போடுவதில்லை. போட்டால் செப்டம்பர் வெயிலில் காலர் கழுத்தை அறுக்கும். சனிக்கிழமை சாயங்காலம் லேசாகத் தண்ணீர் தெளித்து, கறுப்புக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்படி மடித்து, நானே இஸ்திரி போட்டுக்கொள்வேன். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். சட்டையில் கோடு கோணலாக இருக்கும் நடுவரை ஆட்டக்காரன் மதிக்கமாட்டான்.

நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். நான் எப்போதும் நிதானமாகத்தான் சொல்வேன், ரெனர் அம்மா. அந்த இயந்திரம் பதிவு செய்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்றுவிட்டால் முதலிலிருந்து சொல்லவேண்டி வரும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. உங்களுக்குத்தான் சாப்பாட்டு நேரம் தவறும்.

என் பெயர் லோவல் ஷ்ராடர். வயது அறுபத்தொன்று. வாரநாட்களில் தானியக் கிடங்குகளின் தராசுகளைச் சோதிக்கும் அரசாங்க வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், தேவாலயம் முடிந்த கையோடு, நம் மூன்று மாவட்டங்களின் ஞாயிறு லீகில் கால்பந்து நடுவர். ஆடுகிறவர்கள் பன்றிப் பண்ணைக்காரர்கள், வெல்டர்கள், விதை விற்கிறவர்கள். ஒரு பல் டாக்டரும் உண்டு. யாருக்கும் ஒரு காசு கிடையாது. அதனாலேயே உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

ஆட்டம் பார்ப்பதற்கு எளிது. நான்கு முயற்சிகளில் பந்தைக் கையில் ஏந்திப் பத்து கெஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். போய்விட்டால் இன்னும் நான்கு முயற்சி, இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் விதிப்புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை விளக்க இன்னொரு புத்தகம். நடுவர் எங்கே நிற்கவேண்டும், கையை எப்படித் தூக்கவேண்டும் என்பதற்கு மூன்றாவது புத்தகம். பெயர்தான் கால்பந்து. காலால் பந்தைத் தொடுவது ஓர் ஆட்டத்தில் பத்துப் பதினைந்து தடவை இருந்தால் அதிகம். அந்தப் பத்துப் பதினைந்து தடவைக்காக மட்டும் பத்தொன்பது பக்கம் இருக்கிறது.

எட்டு வருடத்துக்கு முன் ஓர் ஆட்டத்தில் உதைத்த பந்து எதிராளியின் கையில் பட்டுத் திரும்பி வந்தது. உதைத்த அணிக்காரனே அதை எடுத்துக்கொண்டு ஓடினான். ஓடும்போது நழுவவிட்டான். நழுவிய பந்தின்மேல் இன்னொருவன் விழுவதற்குள் ஒருவனுடைய தலைக்கவசம் கழன்றது, வேறொருவன் பின்னாலிருந்து முதுகில் தள்ளினான், மூன்றாமவன் கோட்டுக்கு வெளியே போய்த் திரும்பி உள்ளே வந்தான். பந்து யாருக்கு, எந்த இடத்தில், எத்தனையாவது முயற்சி? பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டு சொன்னேன். சொன்னது சரி. அதற்குள் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பால் கறக்கப் போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த மூன்று புத்தகங்களையும் முழுக்கப் படித்தவன் இந்த மூன்று மாவட்டங்களில் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு குழு. தலைமை நடுவருக்கு வெள்ளைத் தொப்பி, மற்ற நால்வருக்கும் கறுப்புத் தொப்பி. வெள்ளைத் தொப்பி என்னுடையது. மைலோ குசேரா எங்கள் குழுவில் நடுக்களத்தில் நிற்கிறவன். மோதல் அதிகமான இடம். என்னைவிட மூன்று வயது சிறியவன், கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு ஐந்து பேருக்கும் கொண்டுவருவான். நல்லவன்தான். நான் மறுக்கவில்லை.

ஆனால் மைலோ கொடி எறியமாட்டான். தவறு நடந்தால் இடுப்பிலிருக்கும் மஞ்சள் துணியை எடுத்து எறியவேண்டும், அவ்வளவுதான் வேலை. மைலோ அதற்குப் பதிலாகப் பேசுவான். எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுக்கிற ஒரு முரடனிடம் போய், "தம்பி, கை வெளியே தெரியுது, உள்ள வச்சுக்க. உன் பொண்டாட்டி வேற பாத்துட்டிருக்கா," என்பான். அந்த முரடன் சிரித்துக்கொண்டே, "சரி மைலோண்ணே," என்பான். அதோடு அன்று முழுக்க யார் சட்டையையும் பிடிக்கமாட்டான். போன வருடம் நான் நூற்று நாற்பத்தொரு கொடி எறிந்தேன். மைலோ மூன்று. அந்த மூன்றில் ஒன்று கைக்குட்டை என்று நினைத்து உருவியது.

தவறு நடந்தபின் கொடி எறிவது நீதி. தவறு நடக்காமல் பேசித் தடுப்பது வேறு ஏதோ. அதற்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

லீகின் இறுதி ஆட்டத்துக்கு வெள்ளைத் தொப்பி யார் என்பதை எட்டு அணிகளின் பயிற்சியாளர்கள் கடிதம் எழுதிச் சொல்வார்கள். பதினான்கு வருடமாக என் பெயரைத்தான் எழுதிவந்தார்கள். இந்த வருடம் ஏழு பேர் மைலோவின் பெயரை எழுதியிருந்தார்கள். எட்டாமவர் கடிதம் போட மறந்துவிட்டார். நடுவர் சங்கத்திலிருந்து தகவல் வந்தது திங்கட்கிழமை. இறுதி ஆட்டத்துக்கு அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அன்று மத்தியானமே மைலோ என் வீட்டுக்கு வந்துவிட்டான். வாசலிலேயே நின்றான். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நான் வேணாம்னு எழுதிடறேன்ப்பா. நீயே போட்டுக்க. எனக்கு அந்தப் புத்தகத்துல பாதி புரியாது. நடுவுல எவனாவது ஏதாவது கேட்டா நான் உன் மூஞ்சியத்தான் பாக்கணும்."

நியமிக்கப்பட்டவர் மறுக்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அது சரியான சொல் அல்ல. யோசித்துப் பாருங்கள். விதி தெரிந்தவனும் தெரியாதவனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஏழு பேர் தெரியாதவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியானால் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எதற்கு? எனக்காகக் கேட்கவில்லை. புத்தகத்துக்காகக் கேட்கிறேன்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் குழுவுக்கு நான் ஒரு தாள் தட்டச்சு செய்து அனுப்புவேன். அந்த வாரம் கவனிக்கவேண்டிய விதிகள் அதில் இருக்கும். நால்வரும் கையெழுத்துப் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரவேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளில் பதினான்கு விஷயங்கள். ஒன்பதாவது இது: நடுவரின் கால்சட்டைப் பைகள் தட்டையாக இருக்க வேண்டும். விசில், கொடி, பென்சில், குறிப்பு அட்டை தவிர வேறு பொருள் கூடாது. புடைத்த பையில் மோதி ஆட்டக்காரன் காயப்படக்கூடும்.

மைலோவின் வலது பை எப்போதும் புடைத்திருக்கும். அதில் ஒரு மருந்துப் பேனா இருக்கும். குளவி கொட்டினால் உடனே தொடையில் குத்திக்கொள்ளவேண்டிய பேனா. ஐந்து வருடத்துக்கு முன் அறுவடையின்போது ஒரு குளவி கொட்டி, தொண்டை வீங்கி, மூச்சு அடைத்துவிட்டது. அவனை என் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்தான். பதினேழு நிமிடம் ஆயிற்று. ஊசி போடாமல் இன்னும் நான்கைந்து நிமிடம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். எண்களை நான் மறப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் வழக்கம்போல என் வண்டியில்தான் மைதானத்துக்குப் போனோம். உடை மாற்றும் கொட்டகையில் தாளை வரிவரியாகப் படித்தேன். ஒன்பதுக்கு வந்ததும் மைலோ சிரித்தான்.

"அடுத்த வாரம் தொப்பையும் தட்டையா இருக்கணும்னு போடப் போறான் பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மைலோ பேனாவை வெளியே எடுத்து, "இதுவுமா?" என்று கேட்டான். ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்கவேண்டி வரும் என்றேன். "விதின்னா விதிதான்," என்று சொல்லி என் கையில் கொடுத்தான். எந்தப் பக்கம், எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

பேனாவை என் வண்டியின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பத்திரமான இடம். வண்டி நின்ற இடத்திலிருந்து களத்துக்கு முந்நூற்று நாற்பது கெஜம். அளந்து பார்த்தேன். அளப்பது என் தொழில்.

அன்று மைலோவை நடுக்களத்தில் நிறுத்தவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் நின்றால் இடிபடுவான். அதனால் பீட் ஸ்லாமாவை நடுவுக்கு அனுப்பிவிட்டு, மைலோவைக் கிழக்கு ஓரக்கோட்டில் நிறுத்தினேன். பீட் குழுவில் இளையவன், முப்பத்தைந்து வயது, கால்நடை மருத்துவம் பார்க்கிறவன். அக்கறையாகத்தான் செய்தீர்கள் என்று பீட்டே சொன்னான்.

கிழக்கு ஓரத்தில்தான் தின்பண்டக் கடை. காலி சோடாக் குவளைகளைப் போடும் தகரப் பீப்பாய் அங்கே இருந்தது. செப்டம்பர் மாதச் சோடாப் பீப்பாயைச் சுற்றி என்ன பறக்கும் என்று இந்த ஊரில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பீட் அதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி வச்சிரட்டுங்களா?" என்று கேட்டான். ஓரக்கோட்டிலிருந்து இரண்டு கெஜத்துக்கு வெளியே இருக்கும் பொருளை அகற்ற நமக்கு அதிகாரமில்லை என்றேன். பீப்பாய் இரண்டு கெஜம், நான்கு அங்குலத்தில் இருந்தது. தேவாலயத்துக்குப் போகுமுன் காலையில் இங்கே வந்து, கடைக்குப் பின்னால் கிடந்ததை நான்தான் உருட்டிக்கொண்டு வந்து வைத்தேன். குவளைகள் களத்தில் விழுந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள். பாதுகாப்பு முக்கியம்.

முதல் பாதி ஆட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குச் சலிப்புத் தட்டவில்லை. நான் பொறுமைசாலி.

மூன்றாம் கால்பகுதி. மூன்றாவது முயற்சி, ஏழு கெஜம் தேவை. பயிற்சியாளர் ஹால்வர்சனின் அணியிடம் பந்து. ஒருவன் பந்தை வாங்கிக்கொண்டு கிழக்கு ஓரமாக ஓடினான். அப்போது விசில் சத்தம் கேட்டது. ஊதியது மைலோ. ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். பந்து உயிரோடு இருக்கும்போது, அதாவது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுவர் தவறுதலாக விசில் ஊதினால் பந்து அந்த இடத்திலேயே செத்துவிடும். அதற்குத் தனி விதி உண்டு. பந்து வைத்திருந்த அணியின் பயிற்சியாளரிடம் தலைமை நடுவர் நேரில் போய்க் கேட்கவேண்டும்: பந்து செத்த இடத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா, அல்லது அந்த முயற்சியைத் திரும்ப ஆடுகிறீர்களா? நான் ஹால்வர்சனிடம் போனேன். ஓடவில்லை. நடுவர் நிதானமாக நடக்கவேண்டும் என்று மூன்றாவது புத்தகம் சொல்கிறது.

"லோவல், அந்தாளு கீழ விழுந்துட்டான்யா."

"உங்கள் தேர்வைச் சொல்லுங்கள்," என்றேன்.

"அவன் மூஞ்சி வீங்குதுய்யா. உனக்குக் கண்ணு தெரியலையா?"

தெரிந்தது. ஆனால் தேர்வு சொல்லப்படவில்லை. இரண்டு வாய்ப்புகளையும் இன்னொருமுறை விளக்கினேன். மனிதர் என்னைத் தள்ளிவிட்டு ஓடினார். நடுவரைத் தொடுவது பதினைந்து கெஜத் தண்டனை. கொடி எறிந்தேன்.

பிறகு மைலோவிடம் போனேன். இரண்டு அணிக்காரர்களும் அவனைச் சுற்றி நின்றார்கள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பேச்சு சரியாக வரவில்லை.

"மன்னிச்சுக்கப்பா. விசில ஊதிட்டேன்."

தவறுதலாக ஊதியதை ஊதியவரே ஒப்புக்கொண்டார் என்று அட்டையில் குறித்துக்கொண்டேன். அந்த அட்டைதான் உங்கள் மேசையில் இருக்கிறது.

பீட் என் முன்னால் கையை நீட்டி, "சாவி குடுங்க, பேனா வண்டியிலதான இருக்கு?" என்று கேட்டான். நான் மறுக்கவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் பையும் தட்டையான பைதான், சாவிக்கொத்து மட்டும் இருந்தது. தலைமை நடுவருக்கு அதில் விலக்கு உண்டு. கொத்தில் பத்தொன்பது சாவிகள். தானியக் கிடங்குகளின் சாவிகளும் அதில்தான். எது வண்டிச் சாவி என்று அவன் கேட்கவில்லை. ஓடுகிறவனைக் கூப்பிட்டுக் கத்துவது வெள்ளைத் தொப்பிக்கு அழகல்ல. கடைசியில் கண்ணாடியைக் கல்லால் உடைத்திருக்கிறான். பிறகு முன்பெட்டிக்கும் பூட்டு இருப்பதைப் பார்த்திருக்கிறான்.

அதற்குள் இரண்டு அணிக்காரர்களும் மைலோவைச் சுற்றி மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பத்து நான்கு பெரிய ஆண்கள், தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. யாரோ ஜெபம் சொன்னார்கள். சட்டை பிடிக்கிற அந்த முரடன் மைலோவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச விடுண்ணே, என்னையப் பாரு, மெதுவா விடுண்ணே," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பந்து ஆட்டத்துக்குத் தயார் என்று நான் விசில் கொடுத்தேன். இருபத்தைந்து வினாடிக்குள் ஆட்டம் தொடங்கவேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை. வேண்டுமென்று தாமதித்ததற்காக இரண்டு அணிகள்மேலும் கொடி எறிந்தேன். இரு தரப்பிலும் குற்றம் இருந்தால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. அதை நான் உரக்க விளக்கியபோது ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அவ்வளவு ஒழுங்காக ஓர் அறிவிப்பை நான் செய்ததில்லை.

பீட் பேனாவோடு வந்தபோது இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. குத்தினான். ஆம்புலன்ஸ் பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்தது. வந்தவர்கள் அவசரப்படவில்லை.

இவ்வளவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நாற்பத்து நான்கு பேர் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் உங்களிடம் சொன்னது ஒன்றுதான் என்று கேள்விப்பட்டேன்: லோவல் ஒரு முட்டாள், விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவன், கண்ணெதிரே மனிதன் சாகும்போது புத்தகம் பார்த்தவன். முதல் நாள் நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. புத்தகத்தின்மேல் பழி விழுகிறது, பாருங்கள். அதனால்தான் நானாகவே திரும்பி வந்தேன்.

இறுதி ஆட்டம் நேற்று நடந்ததாம். நடுவர்களே இல்லாமல் ஆடினார்களாம். வெள்ளைத் தொப்பியும் இல்லை, கறுப்புத் தொப்பியும் இல்லை. தவறு செய்தவன் தானே கையைத் தூக்கிச் சொல்லிவிட்டானாம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, ஒரு தகராறு இல்லை என்று உங்கள் காவலர் வாசலில் பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ ஆடியிருக்கிறார்கள். அது கால்பந்து அல்ல.

மூன்று புத்தகங்களையும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வாசித்ததற்கு நன்றி. நம் மாவட்டத்தில் இனி இரண்டு பேர் வாசித்தவர்கள் ஆகிறோம். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, தூங்கவில்லை போலிருக்கிறது. நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பைகள் தட்டையாக இருக்கவேண்டும் என்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டு கெஜத்துக்கு வெளியே இருக்கும் பீப்பாயைத் தொடக்கூடாது என்பதும் இல்லை. நியமிக்கப்பட்டவர் மறுக்கக்கூடாது என்பதும் இல்லை. மைலோ அன்று மத்தியானம் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் தொப்பி எனக்கே வந்திருக்கும். ஆனால் அது அவன் கொடுத்த தொப்பியாக இருந்திருக்கும். நடுவர் காயப்பட்டால் எந்த நிமிடமும் ஆட்டத்தை நிறுத்தலாம், பயிற்சியாளரிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அதுதான் புத்தகத்தில் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேனாவைப் பற்றித் திங்கட்கிழமை சாயங்காலம், மைலோ என் தோளைத் தட்டிவிட்டுப் போன பிறகு, யோசித்தேன். செவ்வாய்க்கிழமை காலை தட்டச்சு செய்தேன். மைலோ குசேராவைக் கொன்றது நான்தான். குளவி எனக்குக் கறுப்புத் தொப்பி, அவ்வளவுதான்.

எழுதிக்கொண்டீர்களா? நல்லது. எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்பதாவது விதி புத்தகத்தில் இல்லாதது ஒரு குறைதான், புடைத்த பை உண்மையிலேயே ஆபத்து. ஆட்டக்காரர்களின் பாதுகாப்பைக் கருதி அடுத்த வருடப் பதிப்பில் சேர்த்துக்கொள்ளும்படி சங்கத்துக்கு இன்று காலையில்தான் ஒரு கடிதம் எழுதி உங்கள் காவலரிடம் கொடுத்திருக்கிறேன், தபாலில் சேர்த்துவிட்டாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.